விடியற்காலையில் மட்டும் எடுக்காத வண்டி

“வண்டி எடுக்கலம்மா” என்று அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவுப்பா வேணும்?” என்பதுதான்.

அது கடந்த ஆண்டு செப்டம்பர். காலை ஐந்தரை மணி. பேட்டரி போய்விட்டது என்றார். பெட்டாலிங் ஜெயாவில் இருந்தபடியே 380 ரிங்கிட் அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். நவம்பரில் மறுபடியும் அதே அழைப்பு. இந்த முறை ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார். 450 ரிங்கிட் அனுப்பினேன். இரண்டு தடவையும் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மகள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மூன்றாவது அழைப்பு. “டீசல் பம்ப்பைக் கழட்டணுமாம். 2,800 ஆகும்னு சொல்றாங்க” என்றார். அப்பா பணம் கேட்கவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அந்த வண்டியை விற்றால்கூட அவ்வளவு கிடைக்குமா என்பது சந்தேகம்.

அப்பா இருப்பது கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி திரிங்காப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிறகு ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார். வாரத்தில் மூன்று நாள், விடியற்காலை நான்கு மணிக்கு முட்டைக்கோஸ், தக்காளி, சலாட் கீரையை ஏற்றிக்கொண்டு தாப்பாவில் உள்ள கடைகளுக்கு இறங்குவார். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது வாங்கிய டீசல் பிக்கப் அது. 1990களின் எஞ்சின், கணினி எதுவும் கிடையாது. அந்த வண்டியில்தான் நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் போனோம். என் பல்கலைக்கழகச் சாமான்களும் அதில்தான் இறங்கின.

வண்டி தகராறு செய்யத் தொடங்கியதிலிருந்து அப்பா ஒரு வழி வைத்திருந்தார். இரவில் வீட்டுக்கு மேலே உள்ள சரிவில், முகம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்திவிடுவார். காலையில் சாவியில் எடுக்கவில்லை என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டு உருளவிட்டு, இரண்டாவது கியரில் போட்டுக் கிளப்புவார். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், உருண்ட வண்டி உயிர் பெறவில்லை. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி கிடைக்காது, மிதி கல் மாதிரி இறுகிவிடும். மூடுபனியில் வண்டி சாலையோரக் கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இதை அப்பா என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

அண்ணன் உடனே, “வித்துட்டுக் கீழ வந்துடச் சொல்லு, போதும்” என்றான். அறுபத்தேழு வயது, பனி மூடிய மலைச் சாலை, தனி ஆள். அண்ணன் சொன்னதில் தவறு இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி எடுக்காமல் போனதே நல்லதுக்குத்தான் என்று எனக்குள்ளும் ஒரு குரல் இருந்தது. நாங்கள் சொல்லி முடியாததை அந்த வண்டி சொல்லி முடித்துவிடும் என்று பார்த்தேன்.

அந்த நினைப்போடுதான் விடுப்பு எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

போன அன்று மாலை ஃபிட்டர் மாமா வந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர் ஃபிட்டர் மாமாதான். வண்டி விஷயத்தைக் கேட்டதும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார்.

“சாவியத் திருப்புனா எஞ்சின் நல்லா சுத்துதா, இல்ல டக்குனு நின்னுடுதா?”

“நல்லா சுத்துது. ஆனா பிடிக்க மாட்டேங்குது” என்றார் அப்பா.

“தாப்பாவுல நிறுத்திட்டு எடுத்தா?”

“அங்க ஒரு பிரச்சனையும் இல்ல. ஒரே திருப்பு. போர்மேன்கிட்ட விட்டா, அவரு எடுத்துப் பாத்துட்டு, ‘நல்லாத்தானே இருக்கு’ன்னு சிரிக்கிறாரு.”

“சரி, காலைல சுத்தும்போது பின்னால புகை வருதா? என்ன நெறம்?”

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தெரியல. நான் உள்ளதானே இருக்கேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சாவி முன்னால், புகைக்குழாய் பின்னால். விடியற்காலை நான்கு மணி இருட்டில் தனி ஆளாக இருப்பவர் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது. அம்மா இருந்தவரை, காலையில் டார்ச்சோடு வண்டிக்குப் பின்னால் நின்று வழி காட்டியவர் அம்மாதான். நான்கு மாதமாக நடந்த இந்தக் கூத்தில், பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் முதல் பழுது.

மறுநாள் காலை நான்கு மணிக்கு நான் டார்ச்சோடு நின்றேன். சுவரில் தொங்கிய வெப்பமானி 15 பாகை காட்டியது. அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் திடமாகச் சுற்றியது, புது பேட்டரி ஆயிற்றே. ஆனால் பிடிக்கவில்லை. பின்னால் குழாயிலிருந்து வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது. “பனியா புகையா?” என்று கேட்டேன். “மோந்து பாரு” என்றார் ஃபிட்டர் மாமா. பக்கத்தில் போனேன். பச்சை டீசல் வாடை, கண் எரிந்தது.

“போதும். பம்ப்பத் தொட வேணாம்” என்றார் மாமா.

அவர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன், டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். 1890களில் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை அமைத்தது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். பழைய பிக்கப் எஞ்சின்கள் காற்றை ஏறக்குறைய இருபத்திரண்டில் ஒரு பங்காக நெருக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

ஆனால் எஞ்சின் இரும்பு இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தால், நெருக்கத்தில் பிறக்கும் சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிவிடும். பழைய எஞ்சின்களில் டீசல் ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சப்படுவதால், சூடு போக அங்கே சுவர் அதிகம். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். குளோ பிளக் என்றும் சொல்வார்கள். சாவியைப் பாதி திருப்பினால் சில விநாடி சிவக்கக் காய்ந்து அறையைச் சூடாக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

மலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்பா வீடு இருக்கும் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றும் கடலோரத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு மெலிது. நெருக்குவதற்கே காற்று குறைவு என்றால் பிறக்கும் சூடும் குறைவுதானே. தாப்பாவில் அந்த இரண்டு சிக்கலும் இல்லை. பிளக் செத்திருந்தாலும் வெயிலில் நின்ற எஞ்சின் ஒரே திருப்பில் எடுக்கும். கீழே இருந்த போர்மேன் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரத்தில் வண்டி நல்ல வண்டிதான்.

இனி புகைக்கு வருவோம். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், பம்ப்பில் டீசலைத் திறந்துவிடும் மின்வால்வு வேலை செய்யாமல் இருக்கலாம். வெள்ளைப் புகை டீசல் வாடையோடு வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. அதாவது சூடு போதவில்லை. எங்கள் வண்டியில் வந்தது வெள்ளைப் புகை. 2,800 ரிங்கிட் பம்ப் வேலைக்குத் தேவையே இல்லை என்பதைச் சொன்னது அந்தப் புகைதான்.

அப்பா விடவில்லை. “ஹீட்டர் பிளக் நல்லாத்தான் இருக்கு. மீட்டர்ல மஞ்சள் விளக்கு எரிஞ்சு அணையுதே” என்றார். சுருள்கம்பி மாதிரி படம் போட்ட அந்த விளக்கு தினமும் ஒழுங்காக எரிந்து அணைந்தது உண்மை. “அது வெறும் கடிகாரம். இவ்வளவு நேரம் காத்திருன்னு சொல்லும். பிளக் காயுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது” என்றார் மாமா. இத்தனை வருடம் அந்த விளக்கை நம்பி வண்டி ஓட்டியவரின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

வெளிச்சம் வந்ததும் சோதனை. கருவி என்று பார்த்தால் ஒரு டெஸ்ட் லேம்ப்தான். 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வைத்தோம். முதலில் லேம்ப்பின் ஒரு முனையை எஞ்சின் இரும்பில் மாட்டி, மறுமுனையை நான்கு பிளக்குகளையும் இணைக்கும் தகட்டில் வைத்தோம். அப்பா சாவியைத் திருப்ப, பல்பு எரிந்தது. மின்சாரம் தகடுவரை வருகிறது, ரிலேயும் ஒயரும் சரி. பிறகு சாவியை அணைத்துத் தகட்டைக் கழற்றினோம். லேம்ப்பின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவில். மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் பல்பு எரியாது.

தொட்டது நான்தான். முதல் பிளக், எரியவில்லை. இரண்டாவது, எரியவில்லை. மூன்றாவதில் எரிந்தது. நான்காவது, எரியவில்லை.

நான்கில் மூன்று செத்திருந்தன. ஒரே நாளில் செத்திருக்காது என்றார் மாமா. ஒன்று போனபோது எஞ்சின் கொஞ்சம் தடுமாறி எடுத்திருக்கும். இரண்டாவது போனபோது அப்பா இன்னும் கொஞ்சம் அதிக நேரம் சுற்றவிட்டிருப்பார். அப்படிச் சுற்றிச் சுற்றியே பழைய பேட்டரி தீர்ந்தது, ஸ்டார்ட்டர் தேய்ந்தது. நாங்கள் காரணம் என்று நினைத்து மாற்றியவை எல்லாம் விளைவுகள். புது பேட்டரி போட்டதும் சில வாரம் சரியானது போல் இருந்ததற்கும் காரணம் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் சூடு தப்பிக்க நேரம் குறைவு. டிசம்பர் குளிர் வந்ததும் அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை.

நான் அலுவலகத்தில் கணக்காய்வு வேலை செய்கிறவள். ஒரு நிறுவனம் பழுதைக் கண்டுபிடிக்காமல் இரண்டு முறை செலவு செய்துவிட்டு மூன்றாவதற்கு ஒப்புதல் கேட்டால் எத்தனை கேள்வி கேட்பேன்! சொந்த அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் 830 ரிங்கிட் அனுப்பியிருக்கிறேன்.

பிளக் ஒன்றின் விலை 38 ரிங்கிட். நான்கையும் மாற்றினோம், 152 ரிங்கிட். நல்லதாக இருந்த மூன்றாவதையும் மாமா விடச் சொல்லவில்லை, அதற்கும் அதே வயதுதானே. கடையில் வாங்கும்போது பழைய பிளக்கில் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், வோல்ட் வேறாக இருந்தால் சில நாளில் கருகிவிடும். கழற்றுவதிலும் அவசரம் கூடாது. பல வருடம் உள்ளே இருந்த பிளக்கை முறுக்கினால் முறிந்து எஞ்சின் தலையிலேயே மாட்டிக்கொள்ளும், பிறகு செலவு பம்ப்பை மிஞ்சும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, மெதுவாகத்தான் கழற்றினார்.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காற்று போகும் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடி என்றார் ஒருவர். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது ஆபத்து. சிவந்திருக்கும் பிளக்கில் அந்த ஆவி பட்டால் நேரம் தப்பி வெடித்து எஞ்சினையே உடைக்கலாம். காகிதத்தைக் கொளுத்திக் காட்டு என்றார் இன்னொருவர். வண்டியோடு வீடும் போகும். பாமாயில் கலந்த டீசல்தான் குளிரில் உறைகிறது என்றார் மூன்றாமவர். அதில் அரை உண்மை உண்டு. சுத்தமான பாமாயில் டீசல் ஏறக்குறைய 15 பாகையிலேயே கலங்கத் தொடங்கும். ஆனால் எண்ணெய் நிலையத்தில் கிடைப்பதில் அது ஒரு சிறு பங்குதான். உறைந்து அடைத்திருந்தால் வெள்ளைப் புகை வந்திருக்காது. மறுபடியும் புகைதான் சாட்சி.

புது ரக பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதைய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் மிக அதிக அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் போகிறது. நம் நாட்டுக் குளிருக்கு அவை பெரும்பாலும் ஹீட்டர் பிளக்கை நம்பி இருப்பதில்லை. அவை எடுக்கவில்லை என்றால் பேட்டரி, டீசல் வடிகட்டி, கணினியில் பதிவாகும் பிழைக் குறியீடு என்று பார்க்க வேண்டும். எந்த வண்டியானாலும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றவிடாதீர்கள். ஸ்டார்ட்டரை ஆறவிட்டுப் பிறகு முயலுங்கள். பழுதைக் காட்டவே வண்டியைப் பட்டறையில் விடுகிறீர்கள் என்றால், முதல் நாள் இரவே விட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளக் மாற்றிய மறுநாள், அதே நான்கு மணி. வெப்பமானியில் 15தான். நான் பின்னால் நின்றேன். அப்பா சாவியைப் பாதி திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தார். அதன் மேல் அவருக்கு இப்போது மரியாதை குறைந்திருந்தது, இன்னும் இரண்டு விநாடி சேர்த்தே காத்திருந்தார். திருப்பினார். இரண்டு சுற்று, பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை வந்து அதுவும் நின்றது.

அப்பா நன்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி, “ஏறும்மா. தாப்பாவுல தோசை சாப்பிட்டு வரலாம்” என்றார்.

அந்த இருக்கையில் நான் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. ரிங்லெட் தாண்டி இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் கால் எங்கே போகிறது, எதிர் லோரியின் வெளிச்சத்தை எவ்வளவு தூரத்தில் கவனிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் ஓட்டினார். தாப்பாவில் இரண்டு கடைக்காரர்கள், “ரெண்டு தடவ வராம போனதும் வேற ஆள் பாக்கலாம்னு இருந்தோம்” என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கூடையை இறக்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வண்டியை விற்கும் பேச்சை அன்றைக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டியை வைத்து நான் போட்ட கணக்கு தோற்றது. அறுபத்தேழு வயதும் மூடுபனியும் அப்படியே இருக்கின்றன. அதைப் பற்றி அப்பாவிடம் நேராகத்தான் பேச வேண்டும், வண்டி எனக்காகப் பேசாது. திரும்பி வரும் வழியில் பேசினோம். வாரம் மூன்று நடை இரண்டானது. சரிவில் உருட்டிக் கிளப்புவது இனிமேல் கிடையாது என்று ஒப்புக்கொண்டார். நிலத்தை விடுவது பற்றி, “அடுத்த குத்தகை முடியட்டும், பாப்போம்” என்றார். அண்ணனுக்கு அது போதவில்லை. எனக்கு இப்போதைக்குப் போதும்.

எங்களைப் போல் பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் பழக்கம். ஊரிலிருந்து ஒரு பிரச்சினை வந்தால் கைத்தொலைபேசியில் பணத்தை அனுப்புவோம். அது தேவைதான். ஆனால் பணம் அனுப்ப ஒரு நிமிடம், “எப்படி எடுக்கலப்பா?” என்று கேட்க இன்னும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை நான் செப்டம்பரிலேயே கொடுத்திருந்தால், கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்ற அந்தக் காலை வந்திருக்காது.

போன வாரம் காலை ஐந்து மணிக்கு அப்பா அழைத்தார். “வண்டி எடுக்கலம்மா.”

“எஞ்சின் சுத்துதாப்பா?”

“இல்ல.”

“விளக்காவது எரியுதா?”

“எப்படி எரியும்? சாவியையே காணோம். நீ போன வாரம் வந்தப்ப எங்க வச்ச?”

என் கைப்பையைத் திறந்து பார்த்தேன். உள்ளேதான் இருந்தது.